அடிபட்ட நட்சத்திர ஆமை சாப்பிட மாட்டேங்குது, வாயைத் திறந்து ஊட்டலாமா?

கேள்வி சுருக்கமா இதுதான். ரோட்டுல பைக் ஏறி பின்பக்கம் வலது ஓடு விரிஞ்சு போன ஒரு பெரிய நட்சத்திர ஆமை, வனத்துறைக்கு தகவல் சொல்லி, கால்நடை டாக்டர் காயத்தை சுத்தம் பண்ணி கட்டு போட்டு ஆன்டிபயாடிக் ஊசியும் போட்டுட்டார், இப்ப ரேஞ்ச் ஆபீஸ் பின்னாடி ரூம்ல ஒரு பிளாஸ்டிக் டப்ல வெச்சு மூணு வாலண்டியருங்க மாத்தி மாத்தி பாத்துக்கறாங்க. 9 நாள் ஆச்சு, முட்டைக்கோஸ், கேரட், வெள்ளரி, தயிர் சாதம் வரைக்கும் வெச்சுப் பாத்தாச்சு, எதையும் மோந்து கூட பாக்கல, ஸ்பூனை விட்டு வாயைத் திறந்து ஊட்டிடலாமா, இல்லன்னா பசியிலேயே செத்துருமோன்னு பயமா இருக்குன்னு அந்த வாலண்டியர்ல ஒருத்தர் கேட்டிருக்கார்.

ஊட்டாதீங்க தம்பி. முதல்ல ஸ்பூனை தூக்கி ஓரமா வைங்க, அப்புறம் பேசலாம்.

ஆமைக்கு மூச்சுக்குழல் வாசல் நாக்கோட வேர்ப்பக்கம், வாய்க்குள்ளயே இருக்கும். நமக்கு புரையேறுனா இருமி வெளிய தள்ளிருவோம், ஆமைக்கு நம்மள மாதிரி உதரவிதானமே கிடையாது, இருமித் தள்ற சக்தி கிட்டத்தட்ட இல்லைன்னே வெச்சுக்கங்க. நீங்க ஊத்துற கஞ்சில 2 சொட்டு நுரையீரலுக்குள்ள போனா அது அங்கயே தங்கி அழுகி நிமோனியாவாகும், அது தெரியவே ரெண்டு வாரம் ஆகும், தெரியறப்ப கை மீறிப் போயிருக்கும். இதை நான் யார்கிட்டயோ கேட்டு சொல்லல, ஆரம்பத்துல நானே பண்ண தப்பு. பல வருசம் முன்னாடி நாய் கடிச்ச ஒரு சின்ன ஆமைக்கு ராகிக் கஞ்சி காய்ச்சி சிரிஞ்சுல உதட்டோரமா ஊத்தி, அடடா குடிக்குதே குடிக்குதேன்னு சந்தோசப்பட்டேன். மூக்குல குமிழ் விட ஆரம்பிச்சு 16ஆவது நாள் போயிருச்சு. கடிபட்ட காயம் அந்நேரம் நல்லா ஆறி இருந்துச்சு, அதுதான் ரொம்ப உறுத்துச்சு.

இன்னொண்ணு, ஸ்பூனால நெம்பினா அலகு ஓரம் சில்லு பேரும், வண்டியில அடிபட்ட ஆமைக்கு தாடையில மயிர்க்கோடு மாதிரி விரிசல் ஏற்கெனவே இருந்தாலும் இருக்கலாம், அதை நீங்களே பெருசாக்கிருவீங்க.

பயத்துக்கு ஒரு வார்த்தை. 9 நாள்ங்கறது நமக்கும் நாய்க்கும் தான் பெரிய கணக்கு. வளந்த ஆமை, காயத்துக்கு முன்னாடி நல்லா தின்னு கொழுத்து இருந்த ஆமை, சில வாரம் கூட சாப்பாடு இல்லாம தாங்கும், கோடையில புதருக்கடியில அசையாம கிடக்கற பழக்கம் உள்ள ஜீவன் அது. ஆனா தண்ணி இல்லாம அவ்ளோ நாள் தாங்காது, குளிர்ல காயம் ஆறாது, நீங்க கவலைப்பட வேண்டியது அந்த ரெண்டுக்கும் தான். சாப்பாடு வரிசையில கடைசி. உடம்பு சூடாகணும், தண்ணி ஏறணும், வலி குறையணும், பயம் போகணும், இந்த நாலும் ஆனா அது தானா சாப்பிடும். இதுல ஒண்ணு குறைஞ்சாலும் நீங்க தங்கத்தட்டுல மாம்பழம் வெச்சாலும் தலையை உள்ள இழுத்துக்கும்.

வனத்துறைக்கு சொல்லிட்டுத்தான் வெச்சிருக்கீங்க, நல்லது. படிக்கற மத்தவங்களுக்காக ஒரு வரி: நட்சத்திர ஆமையை வீட்டுல வெச்சுக்கறது குற்றம், 1972 வன உயிரின பாதுகாப்பு சட்டத்துல 2022ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் இது முதல் அட்டவணையில இருக்கு, 2019ல உலக அளவுல சைட்டீஸ்ங்கற வன உயிரின வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தோட முதல் பட்டியலுக்கும் ஏத்திட்டாங்க. ராசின்னு வளக்கறவங்க, பாவம்னு வளக்கறவங்க, ரெண்டு பேருக்கும் ஒரே சட்டம்தான்.

அப்புறம் ஓட்டுல மஞ்ச நிற நட்சத்திரக் கோடு இருக்குன்னு எழுதினதால இது நட்சத்திர ஆமைதான்னு எடுத்துக்கறேன். சில பேர் கிணத்துல குளத்துல கிடைக்கற பாலாமையைக் கொண்டாந்து பக்கெட்ல போட்டு கோஸ் வெச்சுட்டு சாப்பிடலன்னு புலம்புவாங்க, அது மீன் நத்தை புழு திங்கற தண்ணி ஆமை, அதோட கதையே வேற. கீழ எழுதறது எல்லாம் நிலத்து ஆமைக்கு மட்டும்.

சரி, சூடு. நீங்க எழுதினதுல என் கண்ணுல முதல்ல பட்டது சாப்பாடு இல்ல, "டைல்ஸ் தரை, ஃபேன் ஓடுது, மலையடிவாரம், ராத்திரி நல்ல குளிர்" இந்த ஒரு வரிதான். மார்கழி மாசம், டைல்ஸ் மேல பிளாஸ்டிக் டப், மேல ஃபேன் சுத்துது. ஆமைக்கு உடம்புக்குள்ள அடுப்பு கிடையாது, வெளிய என்ன சூடோ அதுதான் அதோட சூடு. அது தின்ன இலையை செரிக்கறது குடல்ல இருக்கற கிருமிங்கதான், மாட்டுக்கு மாதிரி, என்ன, மாட்டுக்கு முன்வயித்துல நடக்கறது இதுக்கு பெருங்குடல்ல நடக்குது. 20 டிகிரியில அந்த கிருமிங்களும் தூங்கும், குடலும் தூங்கும், போட்ட ஆன்டிபயாடிக் கூட ஒழுங்கா வேலை செய்யாது. அந்த நிலைமையில பசிங்கற நினைப்பே வராது. இப்ப நீங்க வம்பா உள்ள தள்ளினீங்கன்னா அது செரிக்காம வயித்துக்குள்ள புளிச்சுக் கிடக்கும், மூடி வெச்ச மாவு மாதிரி.

அதனால இன்னைக்கே 150 ரூபா 200 ரூபாக்கு ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்க, ரூம் செவுத்துல மாட்டாதீங்க, ஆமை முதுகு உயரத்துல டப்புக்குள்ள வைங்க. பகல்ல 28லருந்து 30 இருக்கணும், ஒரு மூலையில மட்டும் 32 வரைக்கும் போகலாம், ராத்திரி 24க்கு கீழ விடாதீங்க. குணமாகற காலத்துல ராத்திரி சூடு ரொம்ப முக்கியம், நிறைய பேர் பகல்ல வெயில்ல காட்டிட்டு ராத்திரி விட்டுருவாங்க. டப்புக்கு அடியில தெர்மாகோல் பலகை, ஃபேன் ஆஃப், டப்போட ஒரு ஓரத்துக்கு மேல குண்டு பல்பு 60 வாட்ஸ். இப்ப எல்லாம் எல்இடி தான் கிடைக்குது, அது வெளிச்சம் தரும், சூடு தராது, கோழிக்குஞ்சு வளக்கறவங்க கடையில கேட்டா குண்டு பல்பும் ஹோல்டரும் கிடைக்கும். முதுகுலருந்து ஒண்ணேகால் அடி ஒண்ணரை அடியாவது தள்ளி இருக்கணும், கையை அந்த இடத்துல 2 நிமிசம் வெச்சுப் பாத்து சுள்ளுன்னு இருந்தா இன்னும் மேல ஏத்துங்க, ஓடு மேல வர்ற சூட்டை அது சட்டுனு உணராது, வெந்து போனப்புறம்தான் நகரும். மறுபக்க மூலை சூடில்லாம இருக்கணும், அதுக்கு எது வேணுமோ அது நடந்து போய் எடுத்துக்கட்டும். ராத்திரி வெளிச்சம் வேணாம், வெளிச்சம் இல்லாம சூடு மட்டும் தர்ற செராமிக் ஹீட்டர் கிடைச்சா நல்லது, கிடைக்கலன்னா வெந்நீர் பாட்டிலை துணியில சுத்தி டப்புக்கு வெளிய ஒட்டி வெச்சு 3 மணி நேரத்துக்கு ஒருக்கா மாத்தற வேலையை நாங்க மாசக்கணக்குல செஞ்சிருக்கோம், தூக்கம் போகும், வேற வழியில்ல.

காலை வெயில் ஒரு அரைமணி நேரம் நேரடியா காட்டுங்க, பாதி நிழல் இருக்கற மாதிரி, பக்கத்துலயே ஆள் உக்காந்துருக்கணும். கண்ணாடி ஜன்னல் வழியா வர்ற வெயில் சூட்டுக்கு மட்டும்தான் ஆகும், எலும்புக்கு வேணுங்கற கதிர் கண்ணாடியில நின்னுரும். ஓடுங்கறது சட்டை இல்ல தம்பி, மேல நகம் மாதிரி ஒரு தகடு, அதுக்கு கீழ நிஜ எலும்பு, முதுகெலும்பே அதோட ஒட்டித்தான் இருக்கு. அப்ப ஓடு விரிஞ்சதுன்னா எலும்பு முறிஞ்சதுன்னுதான் அர்த்தம், வலி எவ்ளோ இருக்கும்னு நினைச்சுப் பாருங்க, மேல் ஓட்டுக்கு நேர் கீழதான் நுரையீரல் வேற.

தண்ணிக்கு வருவோம். டாக்டர்கிட்ட கேட்டுட்டு, காயம் நனையாதுன்னா, தினம் காலைல ஒரு அகலமான பேசின்ல குழந்தைக்கு குளிப்பாட்டற சூட்டுல தண்ணி விட்டு 15, 20 நிமிசம் நிக்க விடுங்க. உங்களோடதுக்கு காயம் மேல் ஓட்டுல பின்பக்கம், அதனால ஒரு இன்ச் தண்ணி போதும், அடி ஓடு நனைஞ்சு தாடை தொடற அளவு. அடி ஓட்டுலயும் விரிசல் இருந்தா இந்த வேலையே வேணாம், டாக்டர் தோலுக்கடியில ஏத்தற திரவம்தான் வழி. தண்ணி குடிக்கறப்ப பாத்தீங்கன்னா தெரியும், கழுத்தை நீட்டி மூக்கு வரைக்கும் தண்ணிக்குள்ள விட்டுட்டு தொண்டை மட்டும் ஏறி இறங்கும், சத்தமே இருக்காது, சில சமயம் 2 நிமிசம் தலையே எடுக்காது, மூழ்கிருச்சோன்னு புதுசா வந்த பசங்க பதறிப் போய் தூக்கிருவாங்க. தூக்காதீங்க. அது குடிச்சு முடிச்சு தலையைத் தூக்கி பெருமூச்சு விடற வரைக்கும் யாரும் பேசக் கூட வேணாம். 9 நாளா தண்ணி பத்தியே நீங்க எழுதல, கிண்ணத்துல வெச்சிருந்தேன்னு சொல்வீங்க, உயரமான கிண்ணத்துல வெச்சா பின்னங்கால் வலியோட அதால ஏற முடியாது.

அந்த தண்ணியிலயே மூத்திரம் மலம் போகும், அதைக் கொட்டறதுக்கு முன்னாடி பாருங்க, அதுல நிறைய சேதி இருக்கு. மூத்திரத்தோட வெள்ளையா ஒரு பசை வரும், தயிர் பதத்துல இருந்தா நீர்ச்சத்து பரவால்ல, பல்பொடி மாதிரி நறநறன்னோ சுண்ணாம்புக்கட்டி மாதிரியோ இருந்தா உடம்பு வறண்டு கிடக்குன்னு அர்த்தம், அது மாறாம சாப்பாட்டைப் பத்தி நினைக்கவே வேணாம். மூத்திரமே போகல, பின்னங்கால் ரெண்டும் இழுபடுதுன்னா தண்டுவடத்துல அடியிருக்கலாம், அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க. முடிஞ்சதும் மெத்துனு துணியில ஒத்தி எடுத்து சூட்டு மூலையில விடுங்க, ஈரத்தோட குளிர்ல விடக்கூடாது.

வலி. ஆன்டிபயாடிக் போட்டாருன்னு எழுதினீங்க, வலிக்கு என்ன போட்டாருன்னு எழுதல. கேளுங்க, கேக்கறதுல தப்பில்ல. ஆமை கத்தாது, முனகாது, அதனால வலியில்லன்னு நினைச்சுக்கறாங்க. நாங்க பாத்த வரைக்கும் ஓடு முறிஞ்ச ஆமைங்கள்ல பாதி, வலி மருந்து ஒழுங்கா ஆரம்பிச்ச ரெண்டாவது மூணாவது நாள் தலையை வெளிய நீட்டிரும். ஆனா நீங்களா எதுவும் குடுக்காதீங்க, வீட்டுல இருக்கற பாராசிட்டமால், டைக்ளோஃபினாக் பக்கமே போகாதீங்க. வலி மருந்து எதுவா இருந்தாலும் தண்ணி ஏறின உடம்புக்குத்தான் பாதுகாப்பு, வறண்ட உடம்புல கிட்னியை அடிச்சிரும், அதனாலதான் தண்ணியை முன்னாடி சொன்னேன். இன்னும் ரெண்டு விசயம், ஊர்ப்பக்கம் ஆடுமாடே பாத்துப் பழகின டாக்டருங்க கிட்ட பணிவா ஞாபகப்படுத்துங்க: குடற்புழுவுக்கு ஐவர்மெக்டின் ஆமைக்குப் போடவே கூடாது, ஆட்டுக்கு நல்ல மருந்து, ஆமைக்கு விசம். கண் வீங்கியிருக்குன்னு வைட்டமின் ஏ ஊசி போடறதும் யோசிச்சுத்தான் செய்யணும், அளவு மீறினா தோல் உரிஞ்சு வரும். உங்க ஏரியால ஆமை பாத்த டாக்டர் இல்லன்னா சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி எது பக்கமோ அங்க வனத்துறை மூலமா கேக்கச் சொல்லுங்க, எக்ஸ்ரே வசதியும் இருக்கும்.

ஓட்டுல மஞ்சள் அப்பறது, ஃபெவிக்விக் ஊத்தறது, எம்சீல் வெச்சு அடைக்கறது எல்லாம் ஏற்கெனவே செஞ்சிருந்தா டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிருங்க. உள்ள அழுக்கு இருக்கறப்ப மேல அடைச்சா சீழ் உள்ளயே கட்டும். ஈ வேற. நம்ம ஊர் ஈக்கு ஒரு பகல் போதும், மறுநாள் விரிசலுக்குள்ள புழு நெளியும், புழு வெச்ச ஆமை சத்தியமா சாப்பிடாது. டப்பு மேல கொசுவலை கட்டுங்க, தினம் டார்ச் அடிச்சு விரிசல், வால் கீழ, தொடை இடுக்கு பாருங்க. கீழ மண்ணு மரத்தூள் எதுவும் வேணாம், நியூஸ்பேப்பர் போட்டு நனைஞ்சதும் மாத்துங்க.

பயத்தைப் பத்தி. ரேஞ்ச் ஆபீஸ்ல ஆமை வந்திருக்குன்னா ஊரே வந்து பாக்கும், போட்டோ எடுக்கும், குழந்தைங்க தட்டிப் பாக்கும். ஒரு அட்டைப்பெட்டியில வாசல் வெட்டி கவுத்து வைங்க, அது உள்ள போய் ஒளியட்டும், டப்போட மூணு பக்கம் துணி போட்டு மறைங்க, பாக்கறது ஒரு நாளைக்கு ஒரே ஆள், அந்த ஆளும் மருந்து, குளியல், சாப்பாடு மூணையும் ஒரே நேரத்துல முடிச்சுட்டு வந்துரணும். மணிக்கொரு தடவ போய் சாப்பிட்டுச்சா சாப்பிட்டுச்சான்னு எட்டிப் பாக்கறதே அது சாப்பிடாம இருக்க காரணமாயிரும். தொட்டப்புறம் கையை சோப்பு போட்டு கழுவுங்க, ஆமை மேல சால்மோனெல்லாங்கற வயித்துப்போக்குக் கிருமி இருக்கலாம், சமையல் சிங்க்ல அந்த பேசினைக் கழுவாதீங்க.

இப்ப சாப்பாடு. மேல சொன்னது எல்லாம் 3, 4 நாள் ஒழுங்கா நடந்ததுக்கு அப்புறம் இதைப் படிச்சா போதும்.

நீங்க வெச்சதுல முட்டைக்கோஸும் கேரட்டும் அது பொறந்ததுலருந்து பாக்காத சாமான். கரட்டுக்காட்டுல புல்லும் பூவும் சப்பாத்திக்கள்ளியும் தின்னு வளந்த ஜீவனுக்கு ஃபிரிட்ஜுலருந்து எடுத்த கேரட் ஒரு ஆரஞ்சு கல்லு. ஆமை கிடைச்ச இடத்துக்கே போங்க, அங்க ஆடு மேய்க்கறவங்க கிட்ட ஆமை என்ன மேயும்னு கேளுங்க, அவங்களுக்கு நம்மள விட நல்லா தெரியும். அங்கருந்து அருகம்புல், மழைக்கு முளைச்ச சின்னச் செடி, சப்பாத்திக்கள்ளி மடல் கொண்டாங்க. கள்ளியை முள்ளு போக தணல்ல வாட்டி சுரண்டி உள்ள இருக்கற வழவழப்போட துண்டு போட்டு வைங்க, தண்ணி, நார், சுண்ணாம்புச் சத்து மூணும் அதுல இருக்கு, சாப்பிட மறுக்கற ஆமைக்கு அதுதான் என் முதல் தேர்வு. ரெண்டாவது செம்பருத்திப் பூ. பூசணிப்பூ, முசுக்கொட்டை இலை, செம்பருத்தி இலை, கல்யாண முருங்கை இலை எல்லாம் அதுக்கடுத்து.

நிறமும் வாசனையும் இழுக்கும். செவப்பு, மஞ்ச நிறத்துக்கு தலை திரும்பறதை நிறைய தடவ பாத்திருக்கேன். பழுத்த பப்பாளி, மாம்பழம், தக்காளி இதுல எதையாவது விரல்ல நசுக்கி அந்த சாறை இலை மேல தடவி வைங்க, பழத்தை அப்படியே கிண்ணம் கிண்ணமா வைக்காதீங்க, சர்க்கரை ஏறி குடல் புளிச்சு பேதி ஆகும், நோயாளிக்கு பேதி வந்தா ஏத்தின தண்ணி எல்லாம் போச்சு. பால், தயிர் சாதம், பிஸ்கட், இட்லி, நாய் பிஸ்கட் கதையே வேணாம். பாலக், பசலைல ஆக்ஸலேட், அதாவது சுண்ணாம்புச் சத்தை உடம்புல சேர விடாத உப்பு, ஜாஸ்தி, தினம் வேணாம். பூ பறிக்கப் போறவங்களுக்கு சொல்லி அனுப்புங்க, அரளி, நித்தியகல்யாணி, எருக்கு, ஊமத்தை கலந்துரக் கூடாது, மருந்தடிச்ச வேலியிலயும் பறிக்கக் கூடாது.

எங்க வைக்கறீங்கங்கறதும் பெரிய விசயம், இதை யாரும் சொல்ல மாட்டாங்க. பிளாஸ்டிக் தட்டுல எவர்சில்வர் தட்டுல வெச்சா ஆமை ஒரு வாய் கவ்வி இழுக்கும், இலை வழுக்கி கூடவே வரும், பிய்யாது. ரெண்டு தடவ பாக்கும், மூணாவது தடவ விட்டுரும். நீங்க காலைல வந்து பாத்து தொடலன்னு எழுதி வெப்பீங்க. அதுக்கு பல்லு கிடையாது, கவ்விப் பிடிச்சு முன்னங்காலை ஊனி தலையை பின்னால இழுத்துத்தான் கிழிக்கும். அதனால சொரசொரப்பான ஒரு தட்டைக் கல்லோ நாட்டு ஓடோ போட்டு அது மேல வைங்க, நீளமான புல்லா இருந்தா ஒரு நுனி மேல சின்ன கல்லு வெச்சு அமுக்குங்க. முன்னங்கால்ல அடி இருந்தாலோ பின்னங்கால் ஊனாம இருந்தாலோ அதால இழுக்கவே முடியாது, அப்ப எல்லாத்தையும் விரல் நகம் அளவுக்கு பொடிசா நறுக்கி வைங்க. சாப்பிட விருப்பம் இருந்தும் கிழிக்க முடியாம பட்டினி கிடந்த ஆமைங்கள நான் பாத்திருக்கேன்.

நேரம் காலைல 7லருந்து 9, சாயங்காலம் 4லருந்து 6. உச்சி வெயில் நேரத்துல வெச்சா வாடி நாறும், அவ்ளோதான். அப்புறம் ஒரு வித்தை சொல்றேன். நட்சத்திர ஆமைக்கு மழைன்னா கொண்டாட்டம், கரட்டுல முதல் மழை பேஞ்ச மறுநாள் காலைல பாருங்க, எங்கருந்துதான் வருமோ, நடக்கறதும் மேயறதும் ஜோடி சேர்றதும். அதனால குளியல் முடிஞ்சு சூட்டு மூலையில விட்டதும், ஆமை மேல இல்ல, காயம் நனையக்கூடாது, பக்கத்துல ஒரு அகலமான தட்டுல காஞ்ச செம்மண் போட்டு வெச்சு அதுல பூவாளியால தண்ணி தெளிங்க. அந்த வாசனை கிளம்பும் பாருங்க, அப்ப சாப்பாட்டை வைங்க.

இதை நாங்க கண்டுபிடிச்சதே தற்செயலாதான். மூணு வருசம் முன்னாடி 1,400 கிராம் இருந்த ஒரு பொட்டை, டிராக்டர் டயர் ஓரம் பட்டு ஓடு மூணா விரிஞ்சு வந்துச்சு, 23 நாள் ஒண்ணும் சாப்பிடல. 24ஆவது நாள் காலைல வெளிய செடிக்கு தண்ணி விட்டுட்டு இருந்தப்ப மண் வாசனை ஜன்னல் வழியா உள்ள வந்திருக்கு போல, பெட்டிக்குள்ள இருந்து தலை வெளிய வந்துச்சு. தொண்டை பொக்கு பொக்குன்னு அடிக்குது, அதுதான் அது மோப்பம் பிடிக்கற விதம், தொண்டை அப்படி அடிச்சா ஆர்வம் வந்துருச்சுன்னு அர்த்தம். ஓடிப் போய் ஒரு செம்பருத்தியைப் பறிச்சு அது முன்னாடி ஒரு சாண் தள்ளி வெச்சுட்டு கதவோரமா தரையில படுத்துக்கிட்டேன், நின்னா நம்ம உருவம் அதுக்கு மிரட்டலா தெரியும். மூக்கை பூ மேல வெச்சுச்சு. எடுத்துச்சு. திரும்ப வெச்சுச்சு. அந்த மூச்சுல பூவோட இதழ் ஓரம் லேசா ஆடுனது கூட இன்னும் ஞாபகம் இருக்கு. அப்புறம் வாயைத் திறந்து ஒரு கவ்வு, குறி தப்பி கல்லு மேல டக்னு சத்தம், ரெண்டாவது கவ்வுல பாதி இதழ் உள்ள போச்சு. வாயெல்லாம் செவப்பு சாறு. அன்னைக்கு மொத்தமே அந்த ஒரு பூதான் சாப்பிட்டுச்சு, நாங்க நாலு பேரு பிரியாணி சாப்பிட்டோம்.

தலையை ஒரு பக்கமா திருப்பிக்குது, முன்னங்காலால வாயைத் தேய்க்குதுன்னா வேணாங்குதுன்னு அர்த்தம், மேல மேல மூஞ்சிக்கு நேரா ஆட்டாதீங்க. பூவை உதட்டுல ஒரு தடவ லேசா உரசலாம், சாறு பட்டா சில ஆமை நாக்கை நீட்டிப் பாக்கும், அதுக்கு மேல போகாதீங்க, வெச்சுட்டு வந்துருங்க, 2 மணி நேரம் கழிச்சு மிச்சத்தை எடுத்துருங்க.

சாப்பிட ஆரம்பிச்சிருச்சுன்னு சந்தோசத்துல தட்டு நிறைய குவிக்கறது அடுத்த தப்பு. ரொம்ப நாள் காஞ்ச உடம்புல திடீர்னு நிறைய சத்து ஏறினா ரத்தத்துல பாஸ்பரஸ், பொட்டாசியம் தடால்னு இறங்கும், சாப்பிட்டு நல்லாயிட்டு வந்த ஆமை மூணாம் நாள் செத்துப் போச்சுங்கறது இதனாலயும்தான். முதல் 4, 5 நாள் அதோட தலை அளவுக்கு மேல வேணாம், அப்புறம் மெதுவா ஏத்துங்க, ரெண்டு வாரத்துல பழச்சாறு தடவறதை நிறுத்தி புல்லு முக்கால்வாசி ஆகணும். எலும்பு கூடறதுக்கு சுண்ணாம்புச் சத்து வேணும், நாட்டு மருந்துக் கடையில கடல்நுரைன்னு கேட்டா கணவாய் ஓடு குடுப்பாங்க, அதை சுரண்டி ரெண்டு சிட்டிகை இலை மேல தூவுங்க, முழுத் துண்டு ஒண்ணு டப்புலயும் கிடக்கட்டும், வேணும்னா தானா கடிக்கும்.

எப்ப டாக்டர்கிட்ட திரும்ப போறது? தினம் காலைல குளியலுக்கு முன்னாடி சமையல் தராசுல கிராம் கணக்குல எடை போட்டு நோட்டுல எழுதுங்க, கட்டு மாத்தின அன்னைக்கு கட்டோட எடை மாறும், அதையும் குறிச்சுக்கங்க, மூத்திரம் போனா சட்டுனு 30, 40 கிராம் குறையும், அதுக்கு பயப்படாதீங்க. வந்த நாள் எடையிலருந்து பத்துல ஒரு பங்கு குறைஞ்சிருச்சுன்னா, இல்ல சூடு, தண்ணி, வலி மருந்து எல்லாம் சரியா நடந்தும் இன்னும் ஒரு வாரம் வாயைத் திறக்கலன்னா, காத்துட்டு இருக்காதீங்க. மூக்குல குமிழ், வாயைத் திறந்து மூச்சு, வாய்க்குள்ள மஞ்சளா வெண்ணெய் மாதிரி படிவு, விரிசல்ல நாத்தம், இதுல எது தெரிஞ்சாலும் அன்னைக்கே. பொட்டையா இருந்தா எக்ஸ்ரே திரும்ப எடுக்கச் சொல்லுங்க. நான் மேல சொன்ன டிராக்டர் ஆமைக்கு முன்னாடி ஒண்ணு, எல்லாம் சரியா இருந்தும் சாப்பிடவே இல்ல, எக்ஸ்ரேல பாத்தா உள்ள 4 முட்டை, ஒண்ணு உடைஞ்சிருந்துச்சு. அதுக்கு நான் ரெண்டு வாரமா பூ காட்டிட்டு இருந்திருக்கேன்.

கடைசியா ட்யூப். ஸ்பூன் வேணாம்னு சொன்னேன், அதுக்காக செயற்கையா ஊட்டவே கூடாதுன்னு இல்ல. டாக்டர் மயக்கம் குடுத்து கழுத்துப் பக்கவாட்டுல சின்னதா கீறி உணவுக்குழாய்க்குள்ள ஒரு மெல்லிய ட்யூப் வெச்சு, வெளி நுனியை ஓட்டு மேல டேப் போட்டு ஒட்டி விடுவார். பாக்க பயங்கரமா இருக்கும், ஆமைக்கு அதுதான் நிம்மதி. தினம் வாயைப் பிடிச்சு போராட வேண்டியதில்ல, தலை உள்ள இருந்தாலும் சத்து போகும், மருந்தும் அதுலயே போகும், ட்யூப் இருக்கறப்பவே அது தானாவும் சாப்பிடலாம். தழை திங்கற மிருகத்துக்குன்னு வர்ற ஆக்ஸ்போ கிரிட்டிகல் கேர் மாதிரி பவுடரைத் தண்ணியில கரைச்சு, முதல் நாள் வெறும் தண்ணியும் எலக்ட்ரோலைட்டும், அப்புறம் ரொம்ப நீர்க்க, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கெட்டியா, எத்தனை மில்லின்னு எடையைப் பாத்து டாக்டர் எழுதிக் குடுப்பார், அதுக்கு மேல ஒரு மில்லி கூட வேணாம். ஊட்டறதுக்கு முன்னாடியும் ஊட்டினப்புறமும் தண்ணி விட்டு ட்யூபைக் கழுவணும், இல்லன்னா அடைச்சுக்கும். தானா சாப்பிட்டு எடை ஏறி ரெண்டு மூணு வாரம் நிலையா நின்னதும் எடுத்துருவாங்க. ஓடு கூட மாசக்கணக்கு ஆகும், வருசம் தாண்டினாலும் ஆச்சரியமில்ல, அதனால அடுத்த மழைக்குள்ள காட்டுல விட்டுரலாம்னு ரேஞ்சர்கிட்ட தேதி எல்லாம் சொல்லிராதீங்க.

இன்னைக்கு ராத்திரி டப்புக்குள்ள எத்தனை டிகிரி இருக்கு, நாளைக்கு காலைல எடை எவ்ளோ, பேசின்ல என்ன வந்துச்சு, இந்த மூணையும் எழுதுங்க. பேசின்ல வந்ததை போட்டோவும் எடுத்து வைங்க, அசிங்கம்னு பாக்காதீங்க.